எடுத்துக்கோங்கண்ணா

பங்காரப்பேட்டை போகும் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் செஸ் ஆடுகிறார். தப்பாக வைத்த காயை அன்டூ தட்டித் திரும்ப எடுக்கிறார். எனக்குக் காது சூடாகிறது.

எங்கள் பாலகாட் சுரங்க லைன் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் ஆடுவோம். எட்டாவது படிக்கும்போது, பெங்களூர் டோர்னமெண்டில் சீன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன், அதே பழக்கத்தில் வைத்த ராணியைத் திரும்ப எடுத்துவிட்டேன். எதிரே மூன்றாவது படிக்கிற பொண்ணு, ரேட்டிங் வாங்கியவள். நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள்.

"சின்னப் பையம்மா, வுட்டுக் குடு!" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து அப்பா கத்தினார்.

அவள் என் அரும்பு மீசையைப் பார்த்தாள். கையை இறக்கினாள்.

"சரி, எடுத்துக்கோங்கண்ணா. எங்க வெச்சாலும் செக்மேட்டுதான்."

ஹாலே சிரித்தது. முதலில் சிரித்தது அப்பா.

"ஆடுறீங்களா?" என்று பக்கத்து சீட்டுக்காரர் போனை நீட்டுகிறார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்கிறேன்.