ஸ்பானியப் பூசையில் சொன்ன பொய்

எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆனாலும் மூன்று வருடமாக, லண்டனில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நடக்கும் ஸ்பானியப் பூசைக்குத்தான் போய்வந்தேன்.

மன்னாரில் கல்யாணம் கட்டி இத்தாலிக்குப் போனவள் நான். பலெர்மோவில் பத்தொன்பது வருடம் வீடுகளில் வேலை செய்தேன். மகனை ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டும் என்று கணவர் பிடிவாதம் பிடித்ததால் லண்டனுக்கு வந்தோம். வந்த மூன்றாம் வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். மகன் படித்து முடித்தான், கனடாவில் வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். நான் நோர்பரியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்து இருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கீழே அவர்கள் தொலைக்காட்சி பார்த்துச் சிரிப்பது எனக்குக் கேட்கும். என் அறையிலிருந்து அவர்களுக்கு என்ன கேட்கும் என்று சில நாட்களில் யோசித்திருக்கிறேன். குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்கலாம்.

எங்கள் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் பூசையும் உண்டு. போனால், முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொள்வார்கள். "மகன் எப்ப வாறார்?" "நீங்கள் ஏன் அவரோட போய் இருக்கேல்லை?" "தனியவோ இருக்கிறியள்?" கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. நான்தான் பஸ் வந்துவிடும் என்று சொல்லி நழுவிவிடுவேன். ஸ்பானியப் பூசையில் என்னை யாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் நடுவில் தனியாக இருப்பது எனக்குப் பெரிய பாரமாகத் தெரியவில்லை. என் இத்தாலிய மொழியை வைத்துக்கொண்டு பிரசங்கத்தில் பாதி விளங்கும். அது போதும்.

அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஈக்குவடோர், கொலம்பியா, பொலிவியா நாட்டுப் பெண்கள். அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறவர்கள், பிள்ளை பார்க்கிறவர்கள். பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் கோப்பி குடிப்பார்கள். நான் குசினியில் கோப்பைகளைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போவேன்.

ஒரு ஞாயிறு அந்த மண்டபத்துக்கு ஒரு நேர்ஸ் வந்திருந்தார். மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பேசுவதற்குப் பாதர்தான் கூப்பிட்டிருந்தார். இந்தப் பெண்களுக்குக் கடிதம் போகிறது, யாரும் போவதில்லை, கோயிலில் சொன்னால் கேட்பார்கள் என்பது அவருடைய எண்ணம். மொழிபெயர்க்க வருவதாக இருந்தவர் வரவில்லை. நேர்ஸ் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, பெண்கள் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பாதர் குசினிக் கதவில் வந்து நின்றார். அவருக்கு நான் இத்தாலியில் இருந்தவள் என்பது தெரியும்.

"கொஞ்சம் சொல்லிப் பார்ப்பீர்களா?" என்று கேட்டார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். நேர்ஸ் மெல்லச் சொல்லச் சொல்ல, விளங்கியதை இத்தாலிய மொழியில் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். பிழையான சொற்களைத் திருத்தினார்கள். திருத்திய சொல்லை நான் திரும்பச் சொல்ல, கை தட்டினார்கள். மார்புக்கு இரண்டு மொழியிலும் 'செனோ' என்பதுதான் சொல். தமிழில் அந்தச் சொல்லை நான் நாலு பேர் முன்னால் சொன்னதே கிடையாது. அங்கே இருபது தரமாவது சொல்லியிருப்பேன். வெட்கம் வரவில்லை.

முன்வரிசையில் என் வயதை ஒத்த ஓர் ஈக்குவடோர்ப் பெண் இருந்தாள். உயரமானவள், தலைமயிருக்குச் செம்பட்டை நிறம் அடித்திருந்தாள். விடியற்காலையில் வங்கிக் கட்டடமொன்றைத் துப்புரவாக்குகிற வேலை. நாங்கள் இருவரும் இரண்டு மொழியைக் கலந்து பேசியதை என் தமிழில்தான் என்னால் எழுத முடியும்.

"நீர் செய்தனீரோ?" என்று கேட்டாள்.

நேர்ஸ் என்னைப் பார்த்தார். பாதர் என்னைப் பார்த்தார்.

"ஓம். செய்தனான்."

"நொந்ததோ?"

"இல்லை. ஒண்டும் இல்லை."

பரிசோதனைக்கு வரச்சொல்லி எனக்கு அதற்குள் இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. முதலாவது, கணவர் போன பிறகு வந்தது. மூன்று வருடம் கழித்து மற்றது. இரண்டையும் அலுமாரி லாச்சிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இரண்டாவதைத் திறக்கக்கூட இல்லை.

"அப்ப என்னோட வாரும்," என்றாள் அவள். "நீர் வந்தால் நான் போறன்."

அடுத்த வியாழக்கிழமை போனோம். சூப்பர்மார்க்கெட் ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் பெரிய வெள்ளை வாகனம் நின்றது. அதற்குள்தான் படம் எடுப்பார்கள். படியில் ஏறும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாள். "பயப்பிடாதையும், ஒரு நிமிஷம்தான்," என்று எல்லாம் தெரிந்தவள் போலச் சொன்னேன். அவள் உள்ளே போனதும் அங்கிருந்த சின்னக் கதிரையில் அவளுடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வெளியே வந்தவள் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "நோகாது எண்டனீர். நொந்ததே!" என்றாள். சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்து, கடிதத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பயத்தினால் போனேன் என்று சொல்லமாட்டேன். சொன்ன பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்றுதான் போனேன். அதே வாகனம், அதே கதிரை. என் கோட்டைக் கொளுக்கியில் மாட்டினேன். இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினார்கள். நொந்தது.

இரண்டு கிழமையில் எனக்குக் கடிதம் வந்தது. இன்னும் சில பரிசோதனைகள் செய்யவேண்டும், வைத்தியசாலைக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தது. அடுத்த நாள் ஞாயிறு. கோப்பி மண்டபத்தில் ஈக்குவடோர்க்காரி தன்னுடைய கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லது. எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். என் கைப்பையில் என் கடிதம் இருந்தது. நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

வைத்தியசாலையில் ஸ்கேன் செய்து ஊசியால் சதை எடுத்தார்கள். "கூட யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். முடிவு சொல்லும் நாளில் யாரையாவது கூட்டி வரச் சொன்னார்கள். அன்றும் தனியாகத்தான் போனேன். மகனிடம் சொல்லவில்லை. அவன் மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

என் ஆங்கிலம் வேலைக்குப் போதும், இதற்குப் போதாது. அவர்கள் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, போனை மேசை நடுவில் வைத்தார்கள். இளம் ஆணின் குரல். தமிழ்நாட்டுத் தமிழ்.

"வணக்கம்மா. நான் சொல்றது கேக்குதுங்களா?"

"ஓம், கேக்குது."

வைத்தியர் பேசினார். பிறகு அந்தப் பையன், "அம்மா, உங்க இடது மார்பகத்துல..." என்று தொடங்கி, நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு சின்னக் கட்டி இருக்குதுங்கம்மா. அது புற்றுநோய்தான்னு சொல்றாங்க. ஆனா ரொம்ப ஆரம்பத்துலயே பிடிச்சிட்டாங்களாம். கட்டிய மட்டும் எடுத்துட்டு, கதிர் சிகிச்சை கொடுத்தாப் போதுமாம்," என்றான்.

"சரி."

"ஏதாச்சும் கேக்கணுமாம்மா?"

எனக்கு அவனிடம் கேட்கத்தான் தோன்றியது. நீ எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, எத்தனை பேருக்கு இன்றைக்கு இப்படிச் சொன்னாய் என்று. ஒன்றும் இல்லை என்றேன். இணைப்பை வெட்டுவதற்கு முன் அவசரமாக, "தைரியமா இருங்கம்மா," என்றான். வைத்தியர் அதைச் சொல்லவில்லை. எனக்கு வந்திருப்பதைப் பற்றித் தமிழில் என்னோடு முதலில் பேசியவன், முகம் தெரியாத அந்தப் பையன்தான்.

சத்திரசிகிச்சை முடிந்து அன்றே வீட்டுக்கு விடுவார்கள், ஆனால் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும், ஓர் இரவாவது கூட இருக்கவேண்டும் என்றார்கள். ஆள் இல்லாமல் விடமாட்டார்கள். பஸ்ஸில் வரும்போது ஆட்களை எண்ணிப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரரைக் கேட்கலாம், பிறகு தினமும் படியில் அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். தமிழ்ப் பூசைக்கு வரும் ஒருவரைக் கேட்கலாம், சட்டனில் இருக்கிற தமிழர் வரைக்கும் கதை போய்விடும். கடைசியில் ஒரு பெயர்தான் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஈக்குவடோர்க்காரியைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த மர வாங்குக்குக் கூட்டிப்போனேன். வியாதியைச் சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அப்போதே நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. மற்றதையும் சொன்னேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அண்டைக்கு நீர் செய்திருக்கேல்லையோ?"

"இல்லை."

"நோகாது எண்டு சொன்னனீர். கோயிலுக்குள்ள நிண்டு சொன்னனீர். அந்த வாகனத்தில நான் உம்மை நம்பித்தான் ஏறினனான்."

"பிழைதான்."

"எனக்கு ஏதும் இருந்திருந்தால்? அப்பவும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி எனக்குப் பக்கத்தில இருந்திருப்பீரோ?"

அவள் எழுந்து போய்விட்டாள். நான் அந்த வாங்கிலேயே இருந்தேன். மண்டபத்துக்குள் யாரோ கிற்றார் அடித்துப் பாடுவது கேட்டது. அன்று கோப்பைகளை யார் கழுவினார்களோ தெரியாது.

சத்திரசிகிச்சைக்கு ஆள் இல்லை, ஓர் இரவு வைத்திருக்க முடியுமா என்று வைத்தியசாலைக்குப் போன் அடித்துக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். குறித்த நாளில் காலை ஏழு மணிக்குப் போனபோது, வாசலில் அவள் நின்றாள். வேலை உடுப்போடு, கட்டடத்தைத் துடைத்துவிட்டு நேரே வந்திருந்தாள். நாளையும் நேரத்தையும் பாதரிடம் கேட்டிருக்கிறாள். அவருக்கு மட்டும் நான் சொல்லியிருந்தேன், செபிப்பதற்காக.

"கோவம் இன்னும் இருக்கு," என்றாள். "ஆனாலும் வந்திட்டன்."

மயக்கம் தெளிந்தபோது பக்கத்துக் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரையாக இருந்தாள். பின்னேரம் டாக்சியில் கூட்டி வந்தாள். என் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு கதிரைதானோ?" என்று கேட்டாள். அதற்கு முன் அந்த அறைக்கு யாரும் வந்ததில்லை. இரண்டு நாள் நின்றாள். கோழி சூப் வைத்தாள், உப்பு இல்லாமல். இடது கையைத் தூக்க முடியாதென்று என் தலையை அவளே கழுவி, துவட்டி, பின்னிவிட்டாள். நான் அழுததை அவள் பார்த்திருக்கமாட்டாள், பின்னால் நின்றாள்.

கதிர் சிகிச்சைக்கு நான் தனியாகப் போனேன். அவளுக்கு வேலை. எல்லாம் முடிந்த பிறகுதான் மகனுக்குச் சொன்னேன். அவன் ஆங்கிலத்தில் கத்தினான், பிறகு அழுதான். அதில் எனக்கு நன்றாகக் கேட்ட தமிழ்ச் சொல் 'அம்மா' மட்டும்தான். வருகிறேன் என்றான். பிள்ளை பிறந்த பிறகு வா என்றேன். பிள்ளை பிறந்துவிட்டது. இன்னும் வரவில்லை. குறை சொல்லவில்லை, அவனுக்கு அங்கே நிறைய வேலை.

மழைக்காலம் தொடங்க ஈக்குவடோர்க்காரி ஸ்பெயினில் இருக்கும் மகளோடு இருக்கப் போய்விட்டாள். போகும் முன் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் என்னை நிறுத்தி, "இவ என்னட்டப் பொய் சொன்னவ, அதால ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறம்," என்றாள். அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லையே என்று யாரோ சொன்னார்கள். "அதெண்டாலும் தெரிஞ்சதே," என்றாள். இப்போது கிழமைக்கு ஒரு குரல்பதிவு அனுப்புகிறாள். வேகமாகப் பேசுகிறாள், பாதிதான் விளங்குகிறது. மூன்று தரம் போட்டுக் கேட்பேன்.

அவள் போன அடுத்த மாதம் தமிழ்ப் பூசைக்குப் போனேன். பூசைக்குழுவைப் பார்க்கும் அண்ணையிடம், அறிவித்தல் நேரத்தில் மூன்று நிமிடம் வேண்டும் என்றேன். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்தார். "பீடத்துக்கு முன்னால இதைக் கதைக்கேலுமோ அக்கா?" என்றார். "பாதர் ஓம் எண்டவர்," என்றேன்.

மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். லாச்சிக்குள் வைத்த கடிதம், சொன்ன பொய், கட்டி, ஊசி, எல்லாம். மார்பு என்ற சொல் வந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. திரும்ப ஒருதரம் உரத்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கை தட்டவில்லை. ஆண்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு என்னிடம் யாரும் மகன் எப்போது வருகிறார் என்று கேட்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பஸ் தரிப்பில் நின்றபோது ஒரு பெண் பின்னால் வந்தாள். ஆறு வருடமாக முகம் தெரியும், தலையாட்டுவோம், அவ்வளவுதான்.

"அக்கா, எனக்கும் கடிதம் வந்தது. கிழிச்சுப் போட்டன். திரும்பக் கேக்கேலுமோ?"

"ஏலும். நாளைக்கு நான் போன் அடிச்சுத் தாறன்."

"நோகுமோ?"

"நோகும். கொஞ்ச நேரம்."

அவள் தலையாட்டினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை வேலையில் அரைநாள் லீவு எடுத்து அவளோடு போனேன். உள்ளே போய் வந்தாள். சூப்பர்மார்க்கெட்டுக்குள் தேத்தண்ணி குடித்தோம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். தெருப்பெயரைச் சொன்னேன். அவளுடைய வீடு அதற்கு இரண்டு தெரு தள்ளி. இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி, பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தோம். இறங்கும் இடத்தில் அவளும் என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை, நானும் அவளைக் கூப்பிடவில்லை. "கடிதம் வந்தால் கொண்டுவாறன் அக்கா, வாசிச்சுச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு, மழைக்கு முக்காடு போட்டுக்கொண்டு போனாள்.