மூளைக்கு ஒரு ஆக்டிங் டிரைவர்

அன்றைக்கு ஸ்கேன் சென்டருக்கு வந்திருந்தவர்கள்: குமார், டெக்னீஷியன், நான், ஏழுமலையின் ஆதார் கார்டு. வராதவர் — ஏழுமலை.

இது எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

வயதாக ஆக மூளை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் நான் ஃபீல்டு ஆள். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன். அப்பாவுக்கு வேலையை விளக்கினேன்: ஒரே ஆளை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, அதே மெஷினில் படுக்கவைத்து, பழைய படத்தோடு புதுப் படத்தை வைத்துப் பார்ப்போம். “அதே ஆளு திரும்ப வருவானா?” என்றார். படிக்காத மனுஷர், எடுத்த எடுப்பில் எங்கள் தலைவலியைத் தொட்டுவிட்டார்.

கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏழுமலைக்கு அறுபது வயசு. அவருடைய முதல் ஸ்கேன் நான் சேர்வதற்கு முன்பே முடிந்திருந்தது. இரண்டாவதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஆராய்ச்சியை நடத்தும் எங்கள் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இந்த வயசில் மூளை கொஞ்சமாவது சுருங்க வேண்டும். இவருக்கு... வளர்ந்திருந்தது. மண்டை ஓடும் அகலமாகியிருந்தது. அறுபதில் யாருக்காவது மண்டை வளருமா? போய் ஆளைப் பார்த்துவிட்டு வா என்றார்.

ஆட்டோ ஸ்டாண்டில் ஏழுமலை யார் என்று கேட்டேன். கை தூக்கியவரை நான் பார்த்ததே இல்லை.

“ஸ்கேனுக்கு நீங்க வரலையாண்ணா?”

“தம்பி குமார அனுப்ச்சேனே. என்னால முடியலன்னா அவன்தான் ஆக்டிங் ஓட்டுவான்.”

“ஆட்டோ சரி... மூளைக்கு எப்படிண்ணா?”

“ஒரே அம்மா, ஒரே வூடு, ஒரே மீன் கொழம்பு. மூள மட்டும் வேறயா பூடுமா?”

பக்கத்து டிரைவர்கள் அதை நியாயம் என்றே சொன்னார்கள். ரேஷன் கடைக்கு, ஊர்க் கூட்டத்துக்கு எல்லாம் வீட்டுக்கு ஒருத்தர் போனால் போதாதா?

டீ வாங்கிக் கொடுத்துத் தனியாகக் கேட்டேன். குரல் இறங்கியது. தையூரில் இறங்க வேண்டிய ஒரு அம்மாவை ரெண்டு தடவை மறந்துபோய் திருப்போரூர் வரை கொண்டுபோய்விட்டாராம். இன்னொரு தடவை நடந்தால் ஆட்டோவை விற்றுவிடுவேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

“அந்தப் படத்த பாத்தா பொண்ணு சாவிய புடுங்கிக்கும் நைனா. ஆட்டோ இல்லாம வூட்ல குந்திகினு நான் இன்னா பண்றது?”

ரிசல்ட் மகளுக்குப் போகாது, டாக்டர் உங்களிடம் மட்டும்தான் பேசுவார் என்றேன். மிச்ச டீயைக் குடித்து முடித்தார். மறுநாள் வந்தார். இந்த முறை ஆதார் போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம் — சுத்தமாகப் பொருந்தவில்லை, ஆனால் ஆள் அவர்தான்.

வயசுக்கு உண்டான தேய்மானம்தான், தூக்கம்தான் போதவில்லை என்றார் டாக்டர். நைட் சவாரியை விடச் சொன்னார். விட்டார். சாவி இன்னும் அவரிடம்தான்.

நமக்குப் பதிலாக யாரையும் எங்கேயும் அனுப்பிவிடலாம் போலிருக்கிறது. வயசாவதற்கு மட்டும் நாமேதான் போயாக வேண்டும்.

செலவு? மறு ஸ்கேன் புராஜெக்ட் கணக்கில் போய்விட்டது. தம்பிக்குக் கொடுத்த பேட்டாதான் ஏழுமலையின் சொந்தக் காசு. ஆட்டோ ஓட்டினால் ஒரு நாளைக்கு ஐந்நூறு. மெஷினில் சத்தம் ஜாஸ்தி என்று குமார் சொல்லி, மூளைக்கு எழுநூறு.