பீரோவில் வைத்திருந்த புது ஷூ

கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர், ஓட்டம், ஸ்கிப்பிங், எடை தூக்குவது எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று எனக்கு ஒரு ஷூ வாங்கி வந்தார். போட்டுத் தேய்க்க மனம் வராமல் மூன்று வருடம் பீரோவிலேயே வைத்திருந்தேன். போன மாதம்தான் முதல் தடவையாக ஜிம்முக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

ஓடும்போது நன்றாகத்தான் இருந்தது. ஸ்கிப்பிங் போட்டதும் காலடியில் வெள்ளைப் பொடி தெரிந்தது. தூசி என்று நினைத்தேன். பிறகு இடது கால் லேசாக அமுங்கியது. புது ஷூ, பழகவில்லை என்று நினைத்தேன். இரண்டு கையிலும் எடையோடு, முழங்கால் உயரப் பெட்டியில் வலது காலை வைத்தேன்.

"எக்கா, ஏறாதிய! அங்கனயே நில்லுங்க!" என்று கத்தினாள் பயிற்சி தரும் மேரி.

குனிந்து பார்த்தேன். இடது ஷூவின் அடிப்பாகம் தனியாகப் பிளந்து கிடந்தது. மேரி அதை விரலால் அழுத்தினாள்.

"மக்ரூன் மாதிரி உதிருது பாருங்க. போடாம வச்சிருந்தாலும் நம்மூர் ஈரக்காத்துக்கு இத்துப்போகும்க்கா."

என் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பிகள் அடுக்கிய ஸ்டாண்ட் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எடைகளை மெதுவாகத் தரையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், விளையாட்டு விழாவுக்கென்று மகளுக்கு எடுத்துவைத்திருந்த ஷூவை அழுத்திப் பார்த்தேன். அதுவும் உதிர்ந்தது.

இப்போதெல்லாம் எந்த ஷூவானாலும் அடியை வளைத்து, அழுத்திப் பார்த்த பிறகுதான் போடுகிறோம். வாங்கினால் அந்த வாரமே போட்டுவிடுகிறோம்.