கிரேஸின் அம்மாவுக்கு விழுந்த மாலை

ஏரல் பேருந்து வர நேரமிருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரி வாசலில் 'கறுப்பின மக்கள் வரலாற்று விழா' என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே போகிறேன்.

வகுப்பறைப் பெஞ்சுகளின் மேல் வரிசையாகப் படங்கள். அடிமைத்தளையை எதிர்த்தவர்கள், பாடகர்கள், ஓட்டப்பந்தய வீரர்கள். எல்லாப் படத்துக்கும் சந்தனப் பொட்டு, ரோஜா மாலை. கல்லூரியைப் பெருக்கும் செல்வி அக்காவின் காலை வேலை அது.

விழாவை நடத்தும் கென்ய மாணவி கிரேஸ் கடைசிப் படத்துக்கு வருகிறாள். மூன்று வருடத்தில் அவள் படித்த தமிழ் அசல் நெல்லைத் தமிழ். "எங்க ஊர்ல மொத பொம்பள ஹெட்மாஸ்டர் இவியதான். எங்கம்மா."

செல்வி அக்காவின் கையில் துடைப்பம் அப்படியே நிற்கிறது. "அம்மா இருக்காவளா தாயி?"

"நல்லா இருக்காவ. இந்தா, போன்ல வாராவ."

"அய்யய்யோ! எல்லாரும் போய்ச் சேந்தவியன்னுல்லா மாலையப் போட்டுட்டேன்!"

மாலையைப் பிடுங்கி எடுக்கிறார். சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைக்கிறார். அதற்குள் கைபேசித் திரையில் அதே அம்மா, தலையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு சிரிக்கிறார். ஏதோ கேட்கிறார்.

"காலைல அனுப்புன போட்டோல மாலை அழகா இருந்துச்சாம். ஏன் எடுத்தீகன்னு கேக்காவ," என்கிறாள் கிரேஸ்.

செல்வி அக்கா திரையைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

"இன்னும் நூறு வருசம் கழிச்சு நானே வந்து போடுதேன்னு சொல்லு தாயி."