சந்தனம் அழியாத வெள்ளிக்கிழமை

நேற்று ஆய்வுகூடத்தில் ஒரு மின்சுற்றுப் பலகைக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புகையில் பைன் மரப்பிசினின் வாசனை இருக்கும். கூட வேலை செய்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நான் கொஞ்சம் கிட்டப் போய் நிற்பேன். பாதுகாப்பு விதிகளின்படி அது தவறுதான், ஆனால் எனக்கு அது அண்ணையின் இடதுகை வாசனை.

அண்ணை பேஸ்பாலில் பந்தெறிபவர். அதுதான் தொழில். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் மூன்று கேள்விகள் கேட்பார்கள்: கிரிக்கெட் மாதிரியோ, டிவியில் வருவாரோ, படிப்பு என்னாச்சு. நானும் மூன்று பதில்கள் வரிசையாக வைத்திருந்தேன்: கொஞ்சம், இல்லை, தேத்தண்ணி ஆறுது குடியுங்கோ.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் கட்டடத்தின் பின்சுவரில் எறிந்து பழகியவர் அவர். பெரிய அணிகள் அவரை எடுக்கவில்லை, சின்ன அணிகள் விடவில்லை. ஒரு கோடை இந்த ஊர், அடுத்த கோடை எல்லைக்கு அப்பால் வேறு ஊர். யாருக்காவது தோள் பிடித்துக்கொண்டால் இவரைக் கூப்பிடுவார்கள். அந்த ஆள் சுகமாகித் திரும்பினால் இவர் பையைக் கட்டுவார்.

பிசினைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பந்தெறிபவர் நிற்கும் மேட்டில் பிசின்தூள் நிரப்பிய சின்னப் பை ஒன்று கிடக்கும். வியர்வையில் விரல் வழுக்காமல் இருக்க அதைத் தொடலாம். எண்ணெய், பசை, களிம்பு என்று வேறெதுவும் விரலில் இருக்கக்கூடாது. ஒட்டும் விரலிலிருந்து போகிற பந்து கூடுதலாகச் சுழலும். அது ஏமாற்று. நடுவர் கண்டுபிடித்தால் அந்த இடத்திலேயே வெளியேற வேண்டியதுதான்.

முப்பத்திரண்டு வயதில் அண்ணை மொன்றியலுக்கு ஒரு மணிநேரத் தூரத்தில் இருந்த ஓர் அணிக்கு ஆட வந்தார். ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை பெரிய அணி ஒன்றின் ஆள் தன்னைப் பார்க்கவென்றே வருகிறார் என்றார். “சரிவந்தாப் போவன். இல்லாட்டி இதோட விடுறன்.” விடுகிறேன் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா கோயிலிலிருந்து நேராக என் காரில் ஏறினார். மைதான வாசலில் அவரை இறக்கிவிட்டு, நான் கார் நிறுத்த இடம் தேடி அலைந்தேன். அதற்குள் அண்ணை வாசலுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு உள்ளே போயிருந்தார். எத்தனையோ கோடைகள் தொலைபேசியில் “திருநீறு பூசினியோ” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஆட்டநாளில் மகனின் நெற்றி கைக்கு எட்டியது அன்றுதான். திருநீறு, அதன்மேல் குழைத்த சந்தனம். அண்ணை குனிந்து கொடுத்திருக்கிறார். மேலே தொப்பி போட்டுவிட்டார். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

நல்ல வெயில். பார்க்க வந்தவர் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் கையிலிருந்த வேகமானியை உயர்த்தினார். அவர் தோளுக்கு மேலால் எண்களைப் படித்தேன். அண்ணையிடம் அப்படி எண்களை நான் கண்டதே இல்லை.

“ஒருத்தரும் அடிக்காமல் போகினம். அது நல்லதோ பிள்ளை?”

“ஓம் அம்மா, நல்லது.”

அண்ணைக்கு ஒரு பழக்கம். எறியுமுன் தொப்பியைச் சரிசெய்து நெற்றியை விரலால் வழிப்பார். மூன்றாவது சுற்றில் எதிரணிப் பயிற்சியாளர் நடுவரிடம் போய் ஏதோ சொன்னார். நடுவர் மேட்டுக்கு நடந்தார். அண்ணையின் விரல்களைத் திருப்பிப் பார்த்தார், தன் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார், பந்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தொப்பியைக் கழற்றச் சொன்னார்.

வியர்வையில் கரைந்து புருவம் வரை வந்திருந்த சந்தன மஞ்சளைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அம்மா என் கையைத் தட்டினார்.

“அங்கை பார். இன்னும் அழியேல்லை.”

நடுவர் ஏதோ கேட்டார். அண்ணை எங்கள் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவரின் கை வெளியே காட்டியது. முன்வரிசைக்காரர் வேகமானியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

கார் நிறுத்துமிடத்தில் அம்மா கேட்டார். “ஏனப்பன் உன்னை இடையில அனுப்பினவை?”

அண்ணை இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “கை நோகுதம்மா. நான்தான் காணும் எண்டனான்.”

வீட்டில் அம்மா சாமியறைக்குள் இருந்த நேரம் பார்த்து, உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களே என்றேன். அண்ணை இல்லையென்று தலையாட்டினார்.

“விட்டிருக்க மாட்டினம். சட்டம் சட்டம்தான். சொல்லியிருந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.”

அவர் திரும்பப் போகவில்லை. இப்போது கர்க்லாண்ட் புறநகரில் வீடு, குளிரூட்டி திருத்தும் வேலை, இரண்டு பிள்ளைகள். அந்த அணி கலைந்துவிட்டது. எங்கள் பழைய கட்டடத்தின் பின்சுவருக்குப் புதுத் தகடு அடித்து, பந்து பட்ட தழும்புகளை மூடிவிட்டார்கள். கோடை வந்தால் எந்த ஊரிலிருந்து கூப்பிடுவார் என்று நாங்கள் தொலைபேசியைப் பார்த்திருப்பதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை வரும்போது அம்மா நல்லெண்ணெய் சூடாக்கி அந்த முழங்கையில் தேய்த்துவிடுவார். இப்ப எப்படி என்று கேட்பார். கொஞ்சம் சுகம் என்பார் அண்ணை. முழுக்கச் சுகம் என்று இதுவரை சொன்னதில்லை. சொன்னால், அப்ப திரும்பப் போய் எறியலாமே என்று அம்மா கேட்டுவிடுவார்.