பெயர் இல்லாத நோய்க்கு ஒரு ஓட்டு

போன சனிக்கிழமை எங்கள் மலையூர் பிரிஞ்சாங்கில் ஒரு கூட்டம். தொற்றுநோய் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கப் போகிறதாம். எந்த நோய்க்கு முதலில் என்று பொதுமக்களையும் கேட்கிறார்கள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கென்ன தெரியும்? காய்ச்சல் வந்தால் கஞ்சி குடித்துப் படுத்துக்கொள்கிற ஆள்!

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் கவிதா விளக்கினார். "மூணு இருக்கு. கொசுவால வர்ற டிங்கி, எலிக் காய்ச்சல், அப்புறம்... இன்னும் வராத புது நோய். ஒருத்தருக்கு ஒரு ஓட்டு."

வராத நோயா? பெயர்கூட இல்லாததற்கா?

பக்கத்துப் பள்ளத்தாக்கு லெம்பா பெர்த்தாமில் கோஸ் பயிரிடும் மணியம் எழுந்தார். "என் தம்பி காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனான். சாதா காய்ச்சல்னு மாத்திரை குடுத்தாங்க. எலிக் காய்ச்சல்னு தெரியறதுக்குள்ள ஆளே போயிட்டான். சட்டுன்னு கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் வேணும்லா. வராத நோய்க்கு எதுக்கு காசு?"

நியாயம்தானே! நான் முடிவு செய்துவிட்டேன்.

அப்போது தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் சரஸ்வதி மெதுவாகச் சொன்னார். "அண்ணே, என் வீட்டுக்காரரு கொரோனாவுல போனாரு. அப்ப ஊசியே வரல. அதுவும் ஒரு காலத்துல வராத நோய்தானே? முன்னாடியே யாராச்சும் மருந்து தேடி வச்சிருந்தா..."

மணியம் உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டெடுப்பு தொடங்கியது. எலிக் காய்ச்சலுக்குக் கை தூக்கினேன். புது நோய் என்றதும் கை மறுபடி தானாகவே எழுந்தது.

"அங்கிள், ஒரு ஓட்டுதான். எதுக்குப் போடறீங்க?" என்றார் டாக்டர்.

யோசித்தேன்... யோசித்தேன்... கையைக் கீழே போட்டுவிட்டேன். என் ஓட்டு எதிலும் சேரவில்லை.

தேநீர் நேரத்தில் டாக்டரைப் பிடித்தேன். "அரசாங்கம் எப்படிம்மா முடிவு பண்ணும்?"

"எத்தனை பேர் சாகிறாங்க, எவ்வளவு வேகமா பரவுது, செலவுக்குப் பலன் இருக்கா... எல்லாம் பார்ப்பாங்க. ஆனா எதுக்கு ஜனங்க ரொம்பப் பயப்படறாங்களோ, அது முன்னால வந்துடும் அங்கிள். நான் எலிக் காய்ச்சல் ஆராய்ச்சியிலதான் இருந்தேன். கொரோனா வந்ததும் எங்களை அதுக்கு மாத்திட்டாங்க."

"அது தப்பா?"

"தெரியல. நான் முடிவு பண்ணியிருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அந்த எலிக் காய்ச்சல் வேலை... இன்னும் பாதியிலதான் நிக்குது."

வெளியே மழை பிடித்திருந்தது. மணியம் தன் லோரிக் கதவைத் திறந்து சரஸ்வதியைக் கூப்பிட்டார். "ஏறும்மா, தோட்டத்து லைன் வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

இருவரும் போய்விட்டார்கள். நான்தான் நின்றுகொண்டிருந்தேன். இருக்கிற நோயா, வரப்போகிற நோயா? இரண்டு பக்கமும் ஆள் செத்திருக்கிறது. எந்தப் பக்கம் சாய்வது?

மேலே உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்களும் என்னைப் போலவே முழிக்கிறார்களோ என்று நினைத்தால்... எனக்குக் காய்ச்சலே வந்துவிடும் போலிருக்கிறது!