என் அம்மாவுக்கு ஓரிடம் கேட்டேன்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைத்தால் அது அதைவிட வெட்கம். அதனால் சபையார் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி, ஓர் ஐப்பசி மாதம். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தேன். புருஷன் செத்துப்போனார், பிள்ளை இல்லை. லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பராவொன்றில் அம்மாவும் நானும்தான். தண்ணீர் பிடிக்கப் போன அம்மா பீலியடியில் குடத்தோடு விழுந்தாள். பாரிசவாதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கையும் காலும் வரவேயில்லை. பேச்சு மட்டும் குழறலோடு திரும்பியது.

மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால்தான் அன்றைய கூலிக்கு எனக்குப் பேர் விழும், சோறு உண்டு. லயத்தில் எல்லாருக்கும் அதே கதிதான். பகலில் நாய்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஒருநாள் மத்தியானம் வந்து பார்த்தால், தாகத்துக்குத் தண்ணீர் தேடி நகர்ந்த அம்மா அடுப்பில் கையை வைத்திருந்தாள். இருந்த ஒரு நல்ல கையும் வெந்துபோயிருந்தது. ஐயோ, அன்றைக்கு நான் அழுத அழுகை!

நம் உபதேசியார் ஐயா, வயதானவர்களுக்கு உதவும் இடங்களை விசாரித்து ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். ஒவ்வொன்றாகப் போனேன். மாத்தளை டவுனில் ஒரு மடத்தில் மத்தியானச் சாப்பாடு தருவார்கள், படுக்க இடமில்லை. உக்குவளையில் ஒரு முஸ்லிம் முதலாளி மனமிரங்கிப் போர்வை தந்தார், ஆளை வைத்துக்கொள்ள அவரிடம் வசதி இல்லை. அரசாங்க இடத்தில் பிரஜாவுரிமைக் கடதாசி கேட்டார்கள். நமக்கு எங்கே கடதாசி? நானும் அம்மாவும் எந்த நாட்டுக்காரர்கள் என்பதே அப்போது முடிவாகவில்லை. மிஞ்சியது டவுனில் ஒரு தரும சபை நடத்திய இல்லம். அங்கே யாருமற்றவர்களை மட்டுந்தான் எடுப்பார்கள் என்று மடத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

நான் பொய் சொல்ல முடிவெடுத்தேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. வெந்த கை ஆறியதும், கூடை சுமக்கிற முதுகில் அவளைச் சுமந்து ரோட்டுக்கு வந்து பஸ் ஏற்றினேன்.

இல்லத்து அம்மையார் நல்லவர். பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தார்.

"நீங்க யாரு இவங்களுக்கு?"

"பக்கத்துக் காம்பராங்க," என்றேன்.

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்லியாம்மா? மகன், மகள்?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷங்கூட யோசிக்கவில்லை. "இல்லிங்க. எனக்கு யாருமில்ல," என்றாள்.

அம்மையார் கைநாட்டு வாங்க மைப்பெட்டியைத் திறந்தார். அம்மா தழும்பேறிய இடது கையை நீட்டினாள். பெருவிரல் மையில் படப்போகும் நேரத்தில், "வேணாங்கம்மா! இவங்க என்னப் பெத்தவங்க!" என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை. "அப்ப எடுக்க ஏலாது, மகள்," என்று சொல்லித் தேத்தண்ணீர் ஊற்றித் தந்து அனுப்பினார்.

பஸ்ஸில் ஆண்டவரோடு சண்டை போட்டேன். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. "ஆண்டவரே, என் கால் ஓய்ந்துபோச்சு. இவ என் அம்மா இல்லைன்னு சொல்லாம இவள விட்டுட்டுப் போக ஓரிடம் காட்டும். இல்லாட்டி எங்க ரெண்டு பேரையும் எடுத்துக்கிடும்" என்றேன். அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இறங்கியபோது சாயங்காலம், நல்ல மழை. லயத்துக்கு ஏறும் பாதையோரம் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுப்போவார்கள். ஆயா செல்லாயி நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் நின்றவள், "அடியே ஞானமணி, கெழவிய ஏன்டி நனைக்கிற? உள்ள கொண்டா!" என்று சத்தம் போட்டாள். பாயில் அம்மாவை இறக்கினேன். தாய் வந்து சேராத குழந்தையொன்று வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அம்மா தன்பாட்டில் இடது கையை எட்டி ஏணைக் கயிற்றை ஆட்டினாள். குழந்தை அடங்கியது.

செல்லாயி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நாளைக்குக் காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்போ இங்க விட்டுட்டுப் போ," என்றாள்.

"தோட்டத்துத் தொரை கேட்டா?"

"நான் பேசிக்கிறேன். இங்க விடுற ஒவ்வொரு உருப்படியும் இன்னாரோடதுன்னு சொல்லித்தானே விடுறாங்க? இது ஞானமணியோடதுன்னு சொல்றேன்."

பஸ்ஸில் நான் ஆண்டவரிடம் கேட்டது அதைத்தானே! தினமும் காலையில் அந்த வாசலைத் தாண்டித்தான் மலைக்கு ஏறினேன். காகிதத்தோடு ஊரெல்லாம் அலைந்தவளுக்கு அது கண்ணில் படவேயில்லை. தொரை ஒருநாள் வந்து கேட்டார். செல்லாயி சொன்னபடியே சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா அன்னிக்கு யாருமில்லன்னு சொன்ன?"

"நீ பக்கத்துக் காம்பரான்னு சொன்னியே புள்ள. ஒன்னப் பொய்க்காரியாக்கச் சொல்றியா?" என்றாள். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

ஏழு மாதம் கர்த்தர் தந்தார். ஒரு வெயில் நாளில் செல்லாயி மலைக்கு ஆளனுப்பினாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேருமுன்னே அம்மா போய்விட்டாள். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. செல்லாயி வாய்விட்டு அழக்கூட முடியாமல் சேலையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லா மகிமையும் கர்த்தருக்கே. அவர் என்னை வெட்கப்படுத்தாமல் விட்டிருந்தால் நான் திருந்தியிருக்க மாட்டேன். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து அந்த இல்லத்துக்குப் போகிறேன். தலை வாரிவிடுவேன், நகம் வெட்டிவிடுவேன், கேட்டவர்களுக்கு ஜெபம் பண்ணுவேன். பெற்றோரோடு வழி தெரியாமல் நிற்கிறவர்கள் யாராவது இருந்தால் கர்த்தரிடம் சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை என்னோடும் வாருங்கள். அங்கே இருக்கிற அத்தனை பேரும் தங்களுக்கு யாருமில்லை என்றுதான் சொல்லுவார்கள். சிலர் அதைச் சொல்லும்போது வாசலைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை.